காருக்கு எழுந்து நிற்கும் ஊர்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன பாடசாலை விடுமுறையில் கொழும்புக்குப் போயிருந்தோம். நாங்கள் என்றால் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்கள். புறக்கோட்டையில் தொழில் செய்யும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், எங்களில் ஒருவருக்கு மச்சான் முறை, "வேலை முடிஞ்சா சொல்லுங்க ஸேர், ஒரு இடத்துக்குப் போய் வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். போய் இறங்கிய இடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஷோரூம்.

அவரிடம் ஏற்கனவே நல்லதொரு ஹைபிரிட் கார் இருக்கிறது. ஒரு பழுதும் இல்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் தாராளமாக ஏறலாம். அதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லீசிங்கில் போட்டு, இரண்டு கதவு, இரண்டு சீட் உள்ள கார் ஒன்றுக்கு மாற யோசிக்கிறார். அதற்கு அவர் சொன்ன சொல் "அப்கிரேட்".

"பிள்ளைகள எங்க வைக்கிற?" என்று கேட்டோம்.

"அவங்களுக்கு வேன் ஒண்டு எடுக்கலாம் ஸேர்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

உள்ளே நல்ல குளிர். முகம் தெரியும் அளவுக்குத் தரை மினுங்கியது. எந்தக் காரிலும் விலை எழுதியிருக்கவில்லை. அங்கே வேலை செய்யும் பையன் முதலில் எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு மச்சானின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கோப்பி வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்களும் ஏறி இருந்தோம். மூன்று பேரும், ஒவ்வொருவராக. ஸ்டியரிங்கைப் பிடித்துப் படம் எடுத்தோம். எங்களில் ஒருவர் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். இரவு பஸ்ஸில் ஏறுவதற்குள் எழுபதுக்கு மேல் பதில். "மாஷா அல்லாஹ்", "எடுத்திட்டீங்களா ஸேர்?", "துஆ செய்றோம்". பல வருடமாகக் கதைக்காதவர்கள்கூட எழுதியிருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், எங்கள் மாணவி ஒருவர் தமிழ்மொழித் தினப் போட்டியில் மாகாண மட்டத்தில் முதலிடம் எடுத்தார். அதையும் அதே ஆசிரியர் அதே ஸ்டேட்டஸில்தான் போட்டார். வந்த பதில் ஆறு.

எழுபதும் ஆறும். இந்தப் பதிவு அந்த இரண்டு எண்களைப் பற்றியதுதான்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். பொறாமையில் எழுதுகிறோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவை நல்ல கார்கள். போர்ஷே 911 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1963இல் முதன்முதல் காட்டப்பட்ட கார், இன்றும் பின்பக்க எஞ்சினோடு வருகிறது. அதில் சாதாரண வகையே மணிக்கு 290 கிலோமீற்றரைத் தொடும். நின்ற இடத்திலிருந்து 100ஐ எட்ட நாலு செக்கன் போல போதும். மனிதனின் மூளையும் கையும் செய்த பெரிய வேலை அது. படிப்பிக்கிறவர்கள் நாங்கள், அந்த வேலையை மதிக்கத் தெரியும்.

ஆனால் எங்கே ஓடுவது? எங்கள் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் ஆகக்கூடிய வேகம், அதிவேகப் பாதையிலேயே மணிக்கு 100 கிலோமீற்றர். ஊர்மனைக்குள் 50. தெற்கு அதிவேகப் பாதையில் மத்தள வரைக்கும் போகலாம். அதற்கப்பால் மொனராகலை, சியம்பலாண்டுவ என்று யானை கடக்கும் வீதி. ஊருக்குள் வந்தால் அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். இரவில் நடு ரோட்டில் மாடு படுத்திருக்கும். பள்ளிவாசலடி வேகத்தடையில் அந்தக் காரின் வயிறு தட்டும். அப்படியென்றால் அந்த 290க்கு நாம் கொடுக்கும் காசு ஓடுவதற்கானது அல்ல. ஊர் பார்ப்பதற்கானது.

இதை நாங்களாகச் சொல்லவில்லை. மச்சானே சொன்னார். கோப்பி குடித்துக்கொண்டு, "உண்மையச் சொல்லுங்க, இது உங்களுக்குத் தேவையா?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: "ஸேர், நான் ஊருக்கு வந்தா சனம் முதல்ல என்னத்தப் பாக்குது? என்ட முகத்தையா, வந்த வண்டியையா?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. காலையில் அவரது காரைப் பார்த்துத்தான் நாங்களும் "மாஷா அல்லாஹ்" சொல்லி ஏறியிருந்தோம்.

இனி, வழமையாக வரும் மூன்று நியாயங்களுக்கு வருவோம்.

முதலாவது: "ஹலாலா உழைச்ச காசு, அவர் எதை வாங்கினா உங்களுக்கென்ன?" சரி. ஹலாலான காசில் நல்ல வாகனம் வாங்குவதை ஹராம் என்று சொல்ல எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். உலமாக்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த சட்டம்தான். ஒருவரிடம் 4 கோடி ரூபாய் காசாக ஒரு வருடம் இருந்தால், இரண்டரை வீதப்படி ஸகாத் 10 இலட்சம். அதே 4 கோடி, சொந்தப் பாவனைக் காராக மாறி வீட்டு முற்றத்தில் நின்றால், அதற்கு ஸகாத் இல்லை. சட்டம் இலகுவாக்கித் தந்திருக்கிறது, ஏனென்றால் வாகனம் மனிதனின் தேவை. அந்தத் தேவை என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய காரை நுழைக்கலாம் என்பதை அவரவர் அல்லாஹ்வோடு பேசிக்கொள்ளட்டும். ஆனால் அந்த 10 இலட்சம் எங்கள் ஊரில் எத்தனை வீட்டுக் கூரை, எத்தனை பிள்ளைகளின் வகுப்புக் காசு என்று பைத்துஸ் ஸகாத் வேலை செய்யும் சகோதரர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது: "நாங்க வட்டிக்கு எடுக்கல்ல, இஜாராவில்தான் எடுக்கிறோம்." அல்ஹம்துலில்லாஹ், நல்லது. வட்டியைத் தவிர்ப்பது கடமை. ஆனால் வழி ஹலாலானதால் சுமை இலேசாகிவிடாது. மாதம் முடிய அதே தவணைதான். கடையில் வியாபாரம் படுத்தாலும் அதே தவணைதான். 2020இல் கொவிட் வந்து கடைகள் பூட்டிக் கிடந்தபோது, 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தபோது, எத்தனை பேர் வாகனத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறோம்.

மூன்றாவது: "வரி கட்டித்தானே எடுக்கிறோம், அரசாங்கத்துக்கும் வருமானம்தானே." உண்மை. சுங்க வரி, உற்பத்தி வரி, ஆடம்பர வரி, அதற்கு மேல் 18 வீத வற் வரி. ஆனால் வரி போவது ரூபாயில், கார் வருவது டொலரில். டொலர் இல்லையென்று 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் நடந்தது மறந்துபோச்சா? 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்கக் கிடந்தோமே. கியூஆர் வந்த ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அன்று ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவரும் அதே வரிசையில்தான். கதவு திறந்தவுடன் நாம் முதல் ஓடிப் போய் நின்றது ஷோரூம் வாசலில். ஒரு சமூகமாக இதை யோசிக்க வேண்டாமா?

இதுவரை சொன்னது கார் வாங்குகிறவர்களுக்கு. உண்மையில் சண்டை அவர்களோடு அல்ல.

சூரா அல்-கஸஸில் காரூனின் கதை வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த கதை. காரூன் தன் அலங்காரத்தோடு மக்களுக்கு முன்னால் வெளியே வருகிறான். பார்த்து நின்ற ஒரு கூட்டம், இவனுக்குக் கிடைத்தது போல் நமக்கும் கிடைக்காதா என்று ஏங்குகிறது. அந்த இடத்தில் அறிவு கொடுக்கப்பட்டவர்கள் வாய் திறக்கிறார்கள். யாரைப் பார்த்து? காரூனைப் பார்த்தல்ல. அவனுக்கு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. இப்போது அவர்கள் பேசுவது ஏங்கி நின்ற கூட்டத்தோடு. பயானில் பல தடவை கேட்ட சம்பவம்தான். ஆனால் எங்கள் இடம் அதில் எது என்று நாங்கள் யோசித்ததில்லை. படிப்பிக்கிறவர்களாகிய நாங்கள் பேச வேண்டிய பக்கம். நாங்கள் நின்றது ஏங்கிய பக்கம். அதுவும் கையில் ஃபோனோடு.

எங்கள் குற்றத்தை நாங்களே எழுதுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழா. ஊர்ப் பிரமுகர் ஒருவர் பெரிய வாகனத்தில் வந்தார். மற்ற எல்லோருடைய வாகனமும் வெளியே ரோட்டோரம். அவருக்கு மட்டும் பெரிய கேட்டைத் திறந்தோம். நடுக் கதிரை, பொன்னாடை, மாணவர் பேண்ட். அதே நாளில், முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடந்து வந்தார். எங்கள் மூவருக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித் தந்தவர். பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது, அதுவும் வெயிலுக்குள். நிகழ்ச்சி முடியும்வரை இருந்துவிட்டு, எழுந்து நடந்து போனார். யாருக்கு எந்தக் கதிரை என்று பட்டியல் எழுதியது வேறு யாருமல்ல, நாங்கள்தான்.

அன்று கேட்டடியில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கரும்பலகையில் நாங்கள் எழுதுவதை மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் பத்தாம் ஆண்டு வகுப்பில், படித்தால் முன்னேறலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவன் எழுந்து, "கல்வியியற் கல்லூரிக்கும் போய் முடிச்ச நீங்க இன்னும் பைக்லதானே வாறீங்க ஸேர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாங்கள் அவனை ஏசி இருத்தினோம். ஏசினதுக்கு இன்று வெட்கப்படுகிறோம். அவன் கேட்டது எங்களிடமிருந்து படித்ததைத்தான்.

இன்னொருவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஏ/எல்லில் பாதியில் நின்றான். ஃபோன் கடை போட்டான், கொஞ்சம் காசு பார்த்தான், லீசிங்கில் கார் எடுத்தான். அந்தக் காரில் ஊருக்குள் வந்தபோது கலியாண வீடுகளில் முன்னுக்குக் கூப்பிட்டு இருத்தினோம். பெண் வீட்டார் தேடி வந்தார்கள். கடை நட்டமானது. ஆறேழு மாதத் தவணை நிலுவையானதும் ஒருநாள் காலை வாகனத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். உம்மாவின் நகை இன்னும் அடகில். அவன் இப்போது ஊரில் இல்லை, கட்டாரில். பேராசைப்பட்டான் என்று அவனைப் பேசுவது சுலபம். முன்வரிசைக் கதிரையைக் காட்டி ஆசை மூட்டியது யார்?

மதீனாவில் உஸ்மான் (ரலி) அவர்கள் பெரும் செல்வந்தர். அவர் எப்படிப்பட்ட வாகனத்தில் போனார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்குத் தண்ணீருக்கு விட்டார் என்பது மத்ரஸாவுக்குப் போகும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சமூகம் எதைப் பார்த்து எழுந்து நின்றதோ, அதுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் நாளைக்கு எதைச் சொல்வார்கள்?

எனவே நாங்கள் மூவரும் செய்யப் போவதை இங்கே எழுதி வைக்கிறோம். தவறினால் நீங்களே பிடித்துக் கேளுங்கள்.

அடுத்த பரிசளிப்பு விழாவில் முன்வரிசை ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு என்று அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் கேட்டிருக்கிறோம். கேட் திறந்தால் எல்லோருக்கும் திறக்கும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் வெளியே. உதவி செய்பவர்களை மதிப்போம், அவர்கள் செய்த உதவியின் பெயரால். அவர்கள் வந்த வாகனத்தின் பெயரால் அல்ல. வாடகைக்கு எடுத்த ஸ்போர்ட்ஸ் காரில் மாப்பிள்ளை வரும் வலீமாக்களில் அந்தக் காரோடு நின்று படம் எடுக்க மாட்டோம். அன்று போட்ட படத்தையும் அழித்துவிட்டோம்.

ஊராரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை யாராவது புது வண்டியில் வந்து இறங்கினால், முதலில் அவருடைய முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்லுங்கள். பிள்ளைகள் எப்படி, உம்மாவுக்குச் சுகமா என்று கேளுங்கள். வண்டியைப் பற்றி அவரே சொல்லும்வரை கேட்காதீர்கள். மச்சான் மாதிரி எத்தனையோ பேர் அதற்காகத்தான் அவ்வளவு காசைக் கொட்டுகிறார்கள். சும்மா கிடைத்தால் ஏன் கொட்டப் போகிறார்கள்?

மச்சான் இன்னும் முடிவெடுக்கவில்லை. இதைப் போடுவதற்கு முன் அவருக்கு அனுப்பி அனுமதி கேட்டோம். "போடுங்க ஸேர், ஆனா என்ட பேரப் போடாதீங்க" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இன்னொரு செய்தி வந்தது: "அந்த ஓய்வுபெற்ற ஸேர்ட வீடு எங்க? அடுத்த கிழமை ஊருக்கு வாறன், போய்ப் பாக்கணும்."

என்ன வண்டியில் வருகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்.