பெரியவளின் வீடு

மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் யார் வீட்டுக்காவது ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்துவிடும். மோட்டார் ரூமிலிருந்தோ, நிறுத்தியிருக்கும் காருக்கு அடியிலிருந்தோ கத்தும். பிள்ளைகள் துண்டில் சுற்றித் தூக்கி வருவார்கள். அந்த இரக்கம் பெரிய விஷயம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே வயதான பூனையோ நாயோ இருந்தால், அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு வயதான பூனையை நாங்கள் பெரியவள் என்போம். அவள் நாற்காலிக் கால், கதவு விளிம்பு, என் முழங்கால் என எல்லாவற்றிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போவாள். பூனையின் கன்னத்திலும் தாடையிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. அந்த மணம் இருக்கும் இடம்தான் அவளுக்கு வீடு. தனியே வேட்டையாடி வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தவளுக்கு, திடீரென்று அந்நிய வாடை வந்தால் பயம் வரும். அவள் சீறுவதைப் பொறாமை என்று சொல்லி அதட்டுகிறோம். அதட்டினால், குட்டி பக்கத்தில் வந்தாலே தனக்குத் திட்டு விழும் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள்.

அதனால் குட்டிக்கு முதலில் தனி அறை. நோய்க்கும் அதுவே காவல். பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் வெறும் சோப்புக்கு அழியாது. தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டியைத் தொட்டால் கை கழுவி, உடை மாற்றிவிட்டுப் பெரியவளிடம் போக வேண்டும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில். பெரியவளின் ஊசிகள் பாக்கி இல்லாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

டாக்டர் சரி என்றதும் வாசனையைப் பழக்கலாம். குட்டி படுத்த துணியைப் பெரியவளின் பக்கம் போடுங்கள். அவளுடையதைக் குட்டியிடம் கொடுங்கள். மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு வையுங்கள். இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டால் கதவை ஒருக்களித்துத் திறக்கலாம். பிறகு ஒரே அறையில் கொஞ்ச நேரம். பெரியவள் பீரோ மேல் ஏறிக்கொண்டால் விட்டுவிடுங்கள். இறக்கிவிட்டுச் சமாதானம் செய்யாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பது நாய் என்றால் கழுத்தில் சங்கிலி இருக்கட்டும். வால் ஆட்டுகிறதே என்று நம்பிவிட முடியாது. உடம்பு விறைத்து, கண் கொட்டாமல் குட்டியையே பார்த்தால் உடனே வெளியே கூட்டிப் போங்கள். நன்றாகப் பழகும்வரை இருவரையும் தனியே விடவே கூடாது.

பூனைகள் மலஜலம் கழிக்கும் மண் தட்டு, அவற்றின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டுகள் வேறு வேறு மூலைகளில். மூட்டு வலிக்கும் வயதில் வால்மேல் பாயும் குட்டியைத் தாங்குவது சிரமம். குட்டி நுழைய முடியாத ஓர் இடம் பெரியவளுக்கு வேண்டும். அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். பட்டினி நீண்டால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இத்தனை செய்தும் இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்காமல் போகலாம். ஒரே கூடத்தில் சண்டையில்லாமல் இருந்தாலே போதும். குட்டிக்கு முன்னால் பல ஆண்டுகள் கிடக்கின்றன. பெரியவளுக்கு மிச்சமிருப்பது சில ஆண்டுகள்தான். அவற்றை அவள் தன் வீட்டில் பயமில்லாமல் வாழ வேண்டும். சில வாரம் பொறுத்திருப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.