காலையில் பார்த்துக்கொள்ளலாமா?

12 வயதுப் பையன். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடும்போது விழுந்தான். கையில் சிராய்ப்பு. மறுநாள் கடும் காய்ச்சல், வாந்தி, கால்வலி. ஆஸ்பத்திரியில், வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் போன பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆபத்துக்கான அடையாளம் அதில் இருந்தது. சில நாட்களில் பையன் இறந்துபோனான்.

இது 2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் நடந்தது. பையன் பெயர் ரோரி. அவனைக் கொன்றது "செப்சிஸ்".

புண்ணில் சீழ் வைத்தால், "செப்டிக் ஆகிவிட்டது" என்பார்கள். இது அதைவிடப் பெரிய ஆபத்து. உள்ளே புகுந்த கிருமியை உடம்பு எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே கெடுத்துவிடுகிறது. நிமோனியாவிலும் வரும், பிரசவத்துக்குப் பிறகும் வரும்.

2017-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 90 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டது என்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது, நாலில் மூன்று பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள்!

ரோரியின் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. போராடினார்கள். 2013-ல் நியூயார்க் மாநிலத்தில் புது விதி வந்தது. செப்சிசை உடனே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் திட்டம் இருக்கவேண்டும். இரத்தம் எடுத்துச் சோதிக்கவேண்டும். கிருமிகளைக் கொல்லும் ஆண்டிபயாடிக் மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்கவேண்டும். பிறகு, அங்குள்ள சுமார் 49 ஆயிரம் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மருந்து கொடுக்கத் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மரண அபாயம் சுமார் 4 சதவிகிதம் கூடியது தெரிந்தது.

அவசர அவசரமாக மருந்து கொடுத்தால், மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். நியாயந்தான். ஆனால், காய்ச்சல்காரர் எல்லோருக்கும் ஊசி போடும்படி யார் சொன்னார்கள்? யாருக்குத் தேவை என்பதை உடனே பார்க்கத்தான் சொல்கிறது விதி.

வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. காய்ச்சல்காரர் பிதற்றுகிறார், மூச்சு வாங்குகிறது, கைகால் சில்லிடுகிறது, சிறுநீர் போகவில்லை என்றால் காலைவரை காத்திருப்பது தவறு. அன்று இரவே வண்டி பிடிக்கவேண்டும். "இது செப்சிசாக இருக்குமா?" என்று டாக்டரைக் கேட்பதில் வெட்கம் என்ன?

பிழைத்து வந்தவர்களையும் வீட்டார் மறந்துவிடக்கூடாது. பலருக்கு மாதக்கணக்கில் அசதி இருக்கும், மறதி வரும். "தின்றுவிட்டுப் படுத்துக் கிடக்கிறான்" என்று ஏசுவது கொடுமை. அவர்களுக்கு மறுபடி காய்ச்சல் கண்டால், முன்பு செப்சிஸ் வந்த விஷயத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.