மயக்க ஊசித் துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டினால் குறி தப்பாதா?

2025 மார்ச் 17. கேரளாவின் இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே, காயத்துடன் குடியிருப்புப் பகுதியில் சுற்றிய புலிக்கு வனத்துறை மயக்க ஊசி செலுத்தியது. ஊசி பாய்ந்தும் புலி சாயவில்லை. குழுவினர் மீது பாய்ந்தது. தற்காப்புக்காகச் சுட வேண்டியதாயிற்று என்று வனத்துறை சொன்னது. புலி இறந்துபோனது.

ஊருக்குள் புலியோ யானையோ புகுந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழும். "ஒரு மயக்க ஊசி போட்டுப் பிடிக்க இத்தனை நாளா?" என்பது முதல் கேள்வி. "ராணுவத்துல ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கிறவனையே ஸ்கோப் வச்சுச் சுடுறாங்க, இவங்களால முப்பது மீட்டர்ல அடிக்க முடியாதா?" என்பது இரண்டாவது.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பதில் அந்தத் துப்பாக்கியின் அமைப்பிலேயே இருக்கிறது.

இது என்ன மாதிரி துப்பாக்கி?

பார்க்க ரைஃபிள் போலவே இருக்கும். ஆனால் உள்ளே தோட்டாவும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. இந்தியாவில் வனத்துறையினர் பயன்படுத்தும் டார்ட் ரைஃபிள்களில் பல, கரியமில வாயுவின் அழுத்தத்தில் இயங்குபவை. டென்மார்க்கின் டான்-இன்ஜெக்ட் நிறுவனத் தயாரிப்புகள் இவற்றில் பிரபலம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு டார்ட். குழலுக்குள் அதை வைத்து மூட வேண்டும். பிறகு வாயுவைத் திறந்துவிட்டு, தூரத்துக்கு ஏற்ற அழுத்தம் வந்துவிட்டதா என்று கேஜில் பார்க்க வேண்டும். அப்புறம்தான் குறி. தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதுவரை விலங்கு நின்ற இடத்தில் நிற்காது.

டார்ட் என்பது பறக்கும் சிரிஞ்ச். முன் அறையில் மருந்து, பின் அறையில் அழுத்தப்பட்ட காற்று. ஊசியின் பக்கவாட்டில் உள்ள துளையை ஒரு சிறிய சிலிகான் உறை மூடியிருக்கும். ஊசி தோலைத் துளைக்கும்போது அந்த உறை பின்னால் தள்ளப்பட, துளை திறந்து மருந்து தசைக்குள் இறங்கும். வால் பகுதியில் உள்ள பளிச்சென்ற குஞ்சம் டார்ட்டை நேராகப் பறக்க வைக்கும். விழுந்தால் தேடி எடுக்கவும் உதவும்.

சரி, ஸ்கோப் மாட்டிட்டா போதாதா?

மாட்டலாம், மாட்டுகிறார்கள். பல டார்ட் ரைஃபிள்களில் ரெட் டாட் எனப்படும் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டியோ சிறிய ஸ்கோப்போ பொருத்துவதற்கு மேல்பக்கத்தில் ரெயில் இருக்கும். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு தேவை.

ராணுவ ரைஃபிளின் தோட்டா நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர்தான்.

டார்ட் நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் போனால், அதே 40 மீட்டருக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் டார்ட் சுமார் 1.6 மீட்டர் கீழே இறங்கிவிடும். கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். அதாவது டார்ட் நேர்கோட்டில் போவதில்லை. கல்லெறிவது போல வளைந்துதான் போகிறது.

இந்த வளைவுக்கு ஏற்பத்தான் ஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்தாலும் அது ஒரு தூரத்துக்கும் ஓர் அழுத்தத்துக்கும் மட்டுமே பொருந்தும். மேலே சொன்ன வேகத்தில், 30 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப்பை வைத்து 40 மீட்டரில் நிற்கும் விலங்கைச் சுட்டால் டார்ட் சுமார் 40 செ.மீ. கீழே போகும். 20 மீட்டரில் நின்றால் சுமார் 20 செ.மீ. மேலே போகும். தொடைக்கு வைத்த குறி ஒன்று கீழே காலுக்குப் போகும், இல்லாவிட்டால் முதுகைத் தாண்டிப் பறக்கும்.

அதனால்தான் சுடுவதற்கு முன் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றுகிறார்கள். ஸ்கோப்பில் தெரியும் குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தூரத்தைத் தப்பாகக் கணித்தால் பயனில்லை.

பெரிதாகத் தெரிவதே சிக்கலாகுமா?

ஆகும். நான்கு மடங்கு பெரிதாக்கும் சாதாரண ஸ்கோப்பில், 20 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம்தான் கண்ணுக்குத் தெரியும். வளர்ந்த ஆண் யானை அதைவிடப் பெரியது. யானையின் தோல் மட்டும் திரை முழுக்கத் தெரியும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, பக்கத்தில் இன்னொரு யானை வருகிறதா என்பது தெரியாது. புலி இரண்டடி நகர்ந்தாலே பார்வையிலிருந்து போய்விடும்.

இன்னொன்று, வேட்டை ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகள் பொதுவாக நூறு கெஜம் அளவிலான தூரத்துக்கு ஏற்றபடி தயாரிக்கப்படுபவை. 15, 20 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறியும் நகர்வது போலத் தெரியும். அதனால் டார்ட் துப்பாக்கிக்குப் பெரிதாக்காத ரெட் டாட் அல்லது குறைந்த பெருக்கமுள்ள சிறிய ஸ்கோப்தான் பொருத்தம். ரெட் டாட்டில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடலாம். காட்டில் இது உயிர் காக்கும் விஷயம்.

மாட்டும் விதமும் முக்கியம். குறிக்கோடு செங்குத்தாக இல்லாமல் 10 டிகிரி சாய்ந்திருந்தால், 30 மீட்டரில் டார்ட் சுமார் 15 செ.மீ. பக்கவாட்டில் விலகும். வேகமான தோட்டாவில் இந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியாது. மெதுவான டார்ட்டில் பெரிதாகத் தெரியும். ஜீப்பில் காட்டுப்பாதையில் குலுங்கி வந்த பிறகு கிளாம்ப் திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்கோப்பை மாட்டிய பிறகு தண்ணீர் நிரப்பிய டார்ட்டுகளை வைத்து 10, 20, 30, 40 மீட்டரில் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்க்காவிட்டால், மாட்டியதற்கே அர்த்தமில்லை.

குறி சரியாகப் பட்டாலும் ஏன் தாமதம்?

30 மீட்டரைக் கடக்க டார்ட்டுக்கு 0.4 நொடிக்கு மேல் ஆகும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நிதானமாக நடக்கும் விலங்குகூட அதற்குள் 40 செ.மீ. நகர்ந்துவிடும். அதனால் விலங்கு நிற்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும், இடையில் ஒரு குச்சிகூட இருக்கக் கூடாது. இலை உரசினாலே டார்ட் திசைமாறும்.

தொடை, தோள் போன்ற பெரிய தசைகளில்தான் பட வேண்டும். கொழுப்பில் பட்டால் மருந்து மெதுவாக ஏறும். வயிற்றிலோ மார்பிலோ பட்டால் ஆபத்து. "அப்போ அழுத்தத்தைக் கூட்டி வேகமா அடிச்சா என்ன?" என்று கேட்கலாம். கூட்டினால் டார்ட்டே காயப்படுத்தும், எலும்பு உடையலாம்.

பட்டவுடன் சாய்வது சினிமாவில்தான். சைலசின், கெட்டமின் போன்ற மருந்துகள் வேலை செய்யச் சில நிமிடங்கள் முதல் கால் மணி நேரம் வரை ஆகலாம். பயந்த, வெறிகொண்ட விலங்குக்கு இன்னும் கூடலாம். அந்த இடைவெளியில்தான் அது ஓடும், பள்ளத்தில் விழும், திரும்பித் தாக்கும்.

2021 அக்டோபரில் நீலகிரியில் டி23 புலிக்கு இதுதான் நடந்தது. வாரக்கணக்கில் தேடிய பிறகு ஓர் இரவில் ஊசி பாய்ந்தும் புதருக்குள் மறைந்த புலியை, மறுநாள் 15-ம் தேதிதான் மசினகுடி பகுதியில் உயிருடன் பிடிக்க முடிந்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், காயம்பட்ட 'பீமா' என்ற யானைக்குச் சிகிச்சை அளிப்பதற்காக மயக்க ஊசி செலுத்திய அனுபவசாலி ஒருவரை அந்த யானையே திரும்பி வந்து தாக்கிக் கொன்றது. டார்ட் பட்டிருந்தது, மருந்து வேலை செய்ய நேரம்தான் இல்லை.

2024 பிப்ரவரியில் வயநாட்டில் ஒருவரைக் கொன்ற 'பேலூர் மக்னா' யானையின் கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், அடர்ந்த புதர்க்காட்டில் சுடுவதற்கான கோணம் கிடைக்காமல் பல நாள் போராடினார்கள். கடைசியில் அது கர்நாடக எல்லைக்குள் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி விலங்கைப் பிடிப்பதும் 'வேட்டை' என்ற வரையறைக்குள்தான் வருகிறது. புலி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது மீள முடியாதபடி நோயுற்றோ ஊனமுற்றோ இருக்கிறது என்று மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், காரணங்களை எழுத்தில் பதிவு செய்து 11-வது பிரிவின்கீழ் உத்தரவிடலாம்.

அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் உண்டு. பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தியடைந்தால் மட்டுமே கொல்ல உத்தரவிட முடியும். அதாவது மயக்க ஊசி முயற்சி என்பது வனத்துறையின் பெருந்தன்மை அல்ல, சட்டக் கட்டாயம். அந்த முயற்சி நேர்மையாகவும் திறமையாகவும் நடந்ததா என்பதில்தான் ஒரு விலங்கின் உயிர் தொங்குகிறது.

2018 நவம்பர் 2-ம் தேதி இரவு மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 'அவனி' என்ற டி1 புலி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுக்க எழுந்த சர்ச்சையின் மையமும் இதுதான். மயக்க முயற்சி உண்மையில் நடந்ததா, உடலில் இருந்த டார்ட் துப்பாக்கியிலிருந்துதான் வந்ததா என்ற கேள்விகள் எழுந்தன.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்?

உயிர்ப்பலிக்குப் பிறகு ஆத்திரம் வருவது இயல்பு. வீட்டில் ஒருவரை இழந்த குடும்பத்திடம் டார்ட்டின் வளைவைப் பற்றிப் பேச முடியாது. அந்த அழுத்தத்தில்தான் அரசுகள் "நவீனக் கருவிகள் வாங்குகிறோம்" என்று அறிவிக்கின்றன. புதுத் துப்பாக்கி, புது ஸ்கோப், ட்ரோன். இவையும் தேவைதான்; பொழுது சாயும் நேரத்தில் நல்ல ஸ்கோப்பின் கண்ணாடி கண்ணுக்கு உதவும்.

ஆனால் கருவி வாங்கிய செய்தியோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது. அந்த ஸ்கோப்பை எத்தனை தூரங்களில், எந்த அளவு டார்ட்டில் சுட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள்? கடைசியாகப் பயிற்சி எடுத்தது எப்போது? அந்த வனக்கோட்டத்துக்கென்று வன உயிரினக் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா, இல்லை பக்கத்து மாவட்டத்திலிருந்து வர வேண்டுமா? மயக்கத்தைத் தெளியவைக்கும் மருந்து கையில் இருக்கிறதா? ஊசி போடுபவருக்குப் பின்னால் பாதுகாப்புக்கு யார் நிற்கிறார்கள்? வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்த போலீஸ் வந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி நமக்கும் சேர்த்துத்தான். விலங்கு அசையாமல் நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் அந்த ஒற்றை டார்ட்டுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. செல்போனைத் தூக்கிக்கொண்டு நாம் கூச்சல் போட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கோப்பாக இருந்தாலும் அந்த வாய்ப்பைத் திருப்பித் தர முடியாது.