ஐந்தே தடவை!

வீட்டுக் கம்ப்யூட்டரில் டி.வி.டி. படம் பார்ப்பதற்கு என்ன சாமான் சேர்க்க வேண்டும் என்பது, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சாமானுக்குள்ளே நம் தேசத்துக்கும் ஓர் எண் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? ஆகையால் இந்த வாரம் அதைக் கொஞ்சம் விசாரித்து விடுவோம்.

டி.வி.டி. தட்டு 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டில், ஒரு படலத்துக்கு 470 கோடி பைட்டுகள் அடங்கும். அடேயப்பா என்று மலைத்து விட வேண்டாம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். இதை உள்ளது உள்ளபடியே எழுதினால், தட்டு ஐந்தே நிமிஷத்தில் நிரம்பிவிடும். நடிகர்களின் பெயர்களைக் காட்டி முடிப்பதற்குள் ஸினிமா தீர்ந்து போகும்!

இதற்குக் கண்டுபிடித்த உபாயந்தான் 'எம்பெக்-2' என்னும் சுருக்கெழுத்து. திரையில் ஓர் அம்மாள் வீணை வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலுள்ள சுவர் அசையவில்லை; அசைவதெல்லாம் விரல்களே. சுவரை ஒரு தடவை எழுதிவிட்டு, பிறகு விரல்களின் மாறுதலை மட்டும் குறித்துக்கொண்டே போகிறார்கள். குறிப்பது சிக்கனந்தான். ஆனால் அந்தக் குறிப்பிலிருந்து மறுபடி விநாடிக்கு 25 முழுப் படங்களைச் செய்து கொடுப்பதற்கு அபாரமான கணக்கு வேண்டும். 1997-ல் வீடுகளிலிருந்த பென்டியம் யந்திரங்களுக்கு இந்தக் கணக்கு தாங்கவில்லை. படம் நொண்டி நொண்டி நடந்தது.

ஆகவே கணக்கைச் செய்வதற்கென்றே தனியாக ஒரு 'டிகோடர்' கார்டைப் பெட்டிக்குள் செருகினார்கள். சிங்கப்பூர்க் கம்பெனியான கிரியேட்டிவ், டிரைவையும் கார்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றது. அமெரிக்காவின் ஸிக்மா டிசைன்ஸ் 'ஹாலிவுட் பிளஸ்' என்ற கார்டைக் கொண்டு வந்தது. படக் கார்டிலிருந்து வந்த கம்பி திரைக்குப் போகாமல் முதலில் இந்தப் புதுக் கார்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து திரைக்குப் போகும். டிகோடர் கார்டு தான் தயாரித்த படத்தை நடுவழியில் அதனுடன் சேர்த்து அனுப்பும். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் இரண்டு மூன்று வருஷங்களிலேயே பிராஸஸர்களின் வேகம் அதிகரித்து, கார்டுக்கு வேலையில்லாமற் போயிற்று.

கார்டு போயிற்று, பூட்டு போகவில்லை. அதுதான் நாம் சொல்ல வந்தது.

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கோடு கிழிப்பது மேல்நாட்டாருக்குப் பழைய பழக்கம். படக் கம்பெனிகளுக்காகப் பூமியை ஆறு பிரதேசங்களாக வெட்டினார்கள். அமெரிக்காவும் கானடாவும் முதலாவது. மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டாவது. தென்கிழக்கு ஆசியா மூன்றாவது. ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் நான்காவது. சீனா ஆறாவது. இந்தியா, ருஷ்யாவுடனும் ஆப்பிரிக்காவின் பெரும் பகுதியுடனும் ஐந்தாவது. ஒரு பிரதேசத்துத் தட்டு மற்றொரு பிரதேசத்து யந்திரத்தில் ஓடாது. ஓர் ஊரில் தட்டு விற்கும்போது வேறோர் ஊரில் அந்தப் படம் கொட்டகைக்கே வந்திராது என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அதில் ஓரளவு நியாயமுண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் படம் கொட்டகையை விட்டுப் போய் இருபது வருஷம் ஆன பிறகும் பூட்டு அப்படியே இருக்கிறதே! நியூயார்க்கிலுள்ள பிள்ளை காசு கொடுத்து வாங்கி அனுப்பிய தட்டை, சென்னையிலுள்ள தகப்பனார் ஏன் பார்க்கக் கூடாது?

2000-ஆம் வருஷத்திலிருந்து கம்ப்யூட்டர் டிரைவுக்குள்ளேயே இந்தக் காவலை வைத்தார்கள். பிரதேச எண்ணை நாமே மாற்றலாம். ஆனால் ஐந்தே தடவை. ஐந்தாம் தடவை எந்த எண் விழுந்ததோ, அதுவே அந்த டிரைவின் ஆயுள் பரியந்தம் நிற்கும். நாம் விலை கொடுத்து வாங்கிய சாமான், நம் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, நம்மையே எண்ணிக்கொண்டிருக்கிறது! பல இந்தியப் படங்களின் தட்டுகள் எல்லாப் பிரதேசங்களுக்கும் பொதுவாகவே வெளியாயின என்பதை இந்த இடத்தில் சந்தோஷத்துடன் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் தட்டிலுள்ள படத்தையே ரகசியக் குறியீட்டில் எழுதியிருந்தார்கள். 1999-ல் நார்வே தேசத்துப் பையன் யோன் யொஹான்சன், அப்போது வயது பதினைந்து, வேறு இருவருடன் சேர்ந்து அதை அவிழ்க்கும் சிறு புரோகிராமை வெளியிட்டான். வழக்குத் தொடர்ந்தார்கள். 2003 ஜனவரியில் விடுதலை. மேல் கோர்ட்டிலும் அதே வருஷம் டிசம்பரில் விடுதலை. தான் கிரமமாக வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமாகாது என்பதே முடிவு. அமெரிக்காவிலோ, 2000-ல் ஒரு பத்திரிகை அந்தப் புரோகிராமை வெளியிடலாகாது என்று கோர்ட்டார் தடை போட்டார்கள். பத்திரிகைகளிடம் ஜாமீன் கேட்ட காலத்தைக் கண்ட நம் தேசத்தில் இந்தச் செய்தியைப் படிப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பார்லிமெண்டு 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பூட்டை உடைத்தவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று விதித்தது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. திருட்டுத் தட்டு விற்கிறவனையும், தன் வீட்டுக் கூடத்தில் படம் பார்க்கிறவரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. இவ்விஷயத்தில் அமெரிக்கரைக் காட்டிலும் நாம் நிதானமாக நடந்துகொண்டோம் என்பது நமது அபிப்பிராயம்.

இன்று வரும் மடிக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டிரைவே கிடையாது. வெளியிலிருந்து யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் டிரைவை வாங்கிக்கொள்ள வேண்டும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டி.வி.டி. படம் காட்டும் வசதியும் கூடவே வருவதில்லை. பாரிஸ் கலாசாலை மாணவர்கள் தொடங்கிய வி.எல்.ஸி. என்ற இலவசப் புரோகிராம் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பழைய டிரைவை யாராவது கொடுத்தால், எத்தனை பிரதேச மாற்றம் பாக்கியிருக்கிறது என்று முதலில் பார்த்து வாங்குங்கள். விண்டோஸில் அந்த டிரைவின் விவரப் பக்கத்திலேயே இது காணும்.

வீட்டுக் கலியாணத் தட்டுகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. சாதாரணமாக அவற்றுக்குப் பிரதேசமும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஆனால் அவை சாயப் படலத்தில் எழுதப்பட்டவை; வருஷங்கள் போகப் போகச் சாயம் கெடும். புது டிரைவ் வந்த அன்றைக்கு, ஸினிமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, முதலில் அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் பிரதி எடுத்து வையுங்கள்.