டிராக்டர் அச்சில் நில்லாத எண்ணெய்க் கசிவு

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு நேரும் தொல்லைகளில், பின் அச்சின் ஓரமாக எண்ணெய் கசிந்து சக்கரத்தின் உட்புறத்தில் வழிவது, சிறியதாகத் தோன்றிப் பெருஞ்செலவில் முடிவதொன்றாகும். முதன்முறை கசிந்தவுடன் பட்டறையில் ஆயில் சீலை மாற்றுகிறார்கள். ஒரு போகம் கழியுமுன் அதே இடத்தில் மறுபடியும் ஈரம் காண்கிறது; மறுபடியும் சீல் மாற்றப்படுகிறது. மூன்றாம் முறை உடையவர் பட்டறைக்காரரைக் குறை கூறுகிறார். பட்டறைக்காரர் சீல் விற்ற கடையைக் குறை கூறுகிறார். கடைக்காரர் சேற்றின்மேல் பழி போடுகிறார். சீல் ஏன் கெட்டது என்று மூவரில் ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு தடவை மாற்றியும் நில்லாத கசிவுக்கு மூன்றாவது சீல் மருந்தாகாது என்பதே நமது துணிந்த அபிப்பிராயம்.

ஆயில் சீல் என்பது தண்டைச் சுற்றிப் பற்றும் ரப்பர் உதடு ஒன்றும், அவ்வுதட்டைத் தண்டின்மேல் அழுத்தி நிறுத்தும் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் கொண்ட வளையமேயன்றி வேறன்று. தண்டு வழுவழுப்பாயிருந்து, ஆட்டமின்றிச் சுழன்று, உள்ளே அழுத்தமும் மிகாதிருந்தால்தான் அது எண்ணெயைத் தடுக்கும். குடம் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கிய மாட்டு வண்டிக்கு எவ்வளவு மை போட்டாலும் பயனில்லை என்பதை வண்டி கட்டிய நம் பெரியோர் நன்கறிவர். யந்திரம் மாறியதேயன்றி நியாயம் மாறவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, அதிகச் செலவில்லாததும் பெரும்பாலும் ஒருவரும் பாராததுமான பிரீதர் என்னும் காற்றுத் துவாரம். வேலை செய்யும்போது பின்பெட்டி சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அது வெளியேறும் துவாரம் சேற்றினாலும் தூசியினாலும் அடைபட்டிருப்பின், அழுத்தம் வேறு வழியின்றி எண்ணெயைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளுகிறது. புதிய சீலாயினும் இதற்கு ஈடுகொடாது. சம தரையில் நிறுத்தி அளவுக் கோலைப் பார்க்காமல், அதிகமாயிருந்தால் நல்லதுதானே என்று எண்ணெயை மேல் குறிக்கு மேலும் ஊற்றி வைப்பதும் இதே விளைவைத் தரும்.

அடுத்தது தண்டு. பழைய சீலின் உதடு பல்லாயிரம் சுற்றுகள் ஒரே இடத்தில் உராய்ந்து, இரும்பில் வட்டமாக ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருக்கும். கண்ணுக்குப் புலனாகாவிடினும் நகத்தால் தடவினால் தட்டுப்படும். புதிய சீலின் உதடு அப்பள்ளத்திலேயே அமருமாயின் கசிவு வருவது திண்ணம். தேய்ந்த இடத்தின்மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றுதலோ, தண்டையே மாற்றுதலோ இதற்குப் பரிகாரம். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வேலை முடிந்ததென்பாரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது பேரிங். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, உறுதியான முட்டுக் கொடுத்தபின், சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தால் தேய்ந்த பேரிங் தானே சொல்லிவிடும். தண்டு ஆடினால் உதடு அதனைத் தொடர்ந்து செல்லமாட்டாது. கேஜ் வீல் மாட்டித் தொளியடிக்கும் டிராக்டர்களில் அச்சுக்கு வரும் பளு மிகுதியாகையால், காவிரிப் பாசனத்தார் இதை வருஷந்தோறும் பார்ப்பது நலம். வைக்கோலும் கட்டுக் கயிறும் அச்சில் சுற்றிக்கொண்டு சீலை அறுப்பதுமுண்டு. இவற்றோடு, சீலை ஒருபக்கமாகச் சுத்தியலால் அடித்து இறக்குவதும், உதட்டில் எண்ணெய் தடவாமல் வறட்சியாகப் பொருத்துவதும் பட்டறைகளில் நாள்தோறும் நடப்பவை.

எண்ணெய் சிறிது போனாலென்ன, ஊற்றிக்கொள்ளலாம் என்பாருக்கு ஒரு வார்த்தை. உலர் பிரேக் உள்ள டிராக்டர்களில் அச்சின் எண்ணெய் பிரேக் பட்டைகளை நனைக்கக்கூடும். டிராக்டருக்கு இடமும் வலமும் தனித்தனிப் பிரேக்காகையால், ஒருபக்கம் நனைந்து மறுபக்கம் பிடித்தால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். டிரெய்லரில் நெல் மூட்டையோ கரும்போ ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது இது நேருமாயின் விளைவை எழுத வேண்டியதில்லை. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உடையவற்றில் இந்த அபாயம் இல்லாவிடினும், எண்ணெய் வெளிவரும் வழியே சேற்று நீர் உட்புகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டதென்று அறிக. பிறகு கெடுவது சீலன்று, பல் சக்கரங்களும் பேரிங்குகளுமாம்.

இக்குற்றத்தைப் பட்டறைக்காரர் தலையிலேயே சுமத்துவது நியாயமன்று. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவதை எண்ணிக் குறுவை உழவுக்கு விரையும் நாம், மாலைக்குள் வண்டி வேண்டுமென்று அவரை நெருக்குகிறோம். சாமானுக்கும் கழற்றிப் பூட்டும் கூலிக்கும் பணம் தருகிறோமேயன்றி, காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு ஒரு காசும் தருவதில்லை. கூலி இல்லாத வேலையை யார்தான் செய்வார்? ஆதலால், காரணம் காண்பதற்குத் தனியாகக் கூலி பேசிக் கொடுப்பதும், கண்ட காரணத்தைப் பில்லிலேயே எழுதி வாங்குவதும் வழக்கமாக வேண்டுமென்கிறோம். அச்செலவு மூன்றாவது சீலின் செலவுக்கும், நின்றுபோன உழவு நாட்களின் நஷ்டத்துக்கும் மிகக் குறைவேயாம்.

கூட்டுறவுச் சங்க டிராக்டர்களின் மராமத்துப் பில்களை அனுமதிக்கும் உத்தியோகஸ்தர்கள் இதை இன்னும் கண்டிப்பாகக் கொள்ள வேண்டும். ஒரே அச்சுக்கு இரண்டாம் முறை சீல் பில் வருமாயின், காரணம் எழுதப்படாத பில்லுக்குப் பணம் கொடாதிருப்பதே முறை. அது பலருடைய பணமன்றோ? தனிப்பட்டவர் விஷயத்தில், கூலி வாங்கிக்கொண்டு சரிவரச் செய்யாத மராமத்து, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடாகும். சொந்த ஜீவனத்துக்காக டிராக்டர் வைத்திருப்பவர் 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமில்லை. ஆனால் பில் இல்லாதவருக்குச் சட்டமும் அதிகம் உதவாது.

இன்னுமொன்று. கழற்றிய பழைய சீலைப் பட்டறையிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். உதடு ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டு ஆடுகிறது, அல்லது சீல் கோணலாக இறங்கியிருக்கிறது. கெட்டித்து வெடித்திருந்தால் சூடோ வயதோ காரணம். அறுந்திருந்தால் கயிற்றையோ, பொருத்தினவர் கையையோ விசாரிக்க வேண்டும். ஒரு குறையுமின்றிப் புதிதுபோலிருந்தால், காற்றுத் துவாரத்தையும் தண்டின் பள்ளத்தையும் பாராமல் அடுத்த சீலுக்குப் பணம் எடுக்க வேண்டாம்.