பெருச்சாளிக்குப் பாஷாணம் கடைசி உபாயமே

கிராமத்து வீடுகளில் பெருச்சாளியினாலும் எலியினாலும் உண்டாகும் தொல்லையை அறியாதார் இலர். குதிரின் அடியில் துளை, வைக்கோற்போரின் கீழ் வளை, சுவரோரத்தில் இரவோடிரவாகக் குவிந்த மண், காலையிற் காணாமற்போன கோழிக்குஞ்சு, இவை அன்றாடக் காட்சிகள். தொல்லை மிகுந்தவுடன் குடியானவர் எம்மிடம் முதலிற் கேட்பது, "பாஷாணம் இருக்கிறதா?" என்பதே. கேட்டவுடன் கொடுத்தனுப்புவதோடு கடமை தீர்ந்ததென்று எம்போன்ற உத்தியோகஸ்தர் பலர் எண்ணுகின்றனர். யானும் பல்லாண்டு அங்ஙனமே எண்ணியிருந்தேன். வீட்டைச் சூழ்ந்த இடங்களில் பாஷாணம் கடைசி உபாயமாதல் வேண்டுமேயன்றி முதல் உபாயமாதல் கூடாது என்பது இப்பொழுது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கூறுகின்றேன்.

ஒரு குடியானவர் ஜிங்க் பாஸ்பைடை அரிசியிற் கலந்து அன்றிரவே வளைகளின் வாயில் வைத்தார். மறுநாட் காலை இரண்டு பெருச்சாளிகள் இறந்து கிடந்தன. அவர் மகிழ்ந்தார். ஆனால் அதன்பின் ஒன்றேனும் அத்தீனியைத் தொடவில்லை. எலியினம் சந்தேகம் மிகுந்தது. புதிய தீனியை முதலிற் சிறிதளவே தின்று பார்க்கும். அதனால் வயிறு நொந்து உயிர் தப்பியது பின்னர் அதனை ஏறெடுத்தும் பாராது. இரண்டு மாதத்திற்குள் அவ்வீட்டில் பழைய வளைகளோடு புதிய வளைகளும் தோன்றின.

மீதிப் பாஷாணம் எங்கே என்று வினவினேன். அடுக்களை மாடத்தில், உப்புச்சாடிக்குப் பக்கத்தில், காகிதப் பொட்டலமாக இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் என் உபதேசத்தின் வரிசையை மாற்றிக்கொண்டேன்.

ஜிங்க் பாஸ்பைடு வயிற்றினுட் சென்றால் அங்குள்ள நீரோடும் அமிலத்தோடும் கூடி நச்சுவாயுவை உண்டாக்கும். இதற்கென்று தனிப்பட்ட மாற்று மருந்து இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலிப்பசையோ இதனினும் வஞ்சகமானது. தின்றவர் வாந்தியெடுத்து, பிறகு ஓரிரு நாள் சௌக்கியமடைந்தவர்போற் காணப்படுவர். அதன்பின் ஈரல் கெட்டு, காமாலை கண்டு, உயிர் போதலும் உண்டு. ஆதலின், தின்றவர் நலமாகத் தோன்றினும் ஒரு நாழிகையும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அப்பசையை வீட்டினுள் வைத்தலே ஆகாது.

நிற்க. பெருச்சாளி நம் வீட்டை நாடுவது ஏன்? தீனி, நீர், ஒதுங்குமிடம் என்னும் மூன்றிற்காகவே. இவற்றை நாமே அளித்துக்கொண்டு, வந்த விருந்தாளிக்கு விஷம் வைப்பதிற் பயன் யாது? ஆகவே வீட்டைச் சீர்திருத்துதலே முதல் வேலை. விறகடுக்கும் வைக்கோற்போரும் சுவரைத் தொடாமலிருக்கட்டும். நெல்லைத் தரையில் அடுக்காமல், 3 அடி உயரக் கால்களின்மீது பலகையமைத்து வைத்து, ஒவ்வொரு காலிலும் தகரக் குல்லாய் கவிழ்க்கலாம். எச்சில் சோறும் கோழித்தீனியும் இரவில் வெளியிற் கிடத்தல் கூடாது. சுண்டெலிக்குக் கால் அங்குலச் சந்து போதும். எலிக்கு அரை அங்குலம் போதும். ஆகையால் ஜலதாரையின் வாய்க்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை பொருத்துக.

மாலையில் வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டால், காலையில் திறந்து கிடப்பவையே பிராணி வாழும் வளைகள் எனத் தெரியும். அவற்றின் வாயிற் கூண்டு வைத்து, கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ கட்டி, முதல் இரண்டிரவும் கதவு விழாதபடி செய்து, மூன்றாம் இரவு பொறியை ஏற்றுக. சந்தேகம் தீர்ந்த பிராணி தானே உள்ளே வரும். பிடித்தபின் வெறும் வளைகளைக் கண்ணாடித் துண்டும் சிமெண்டுக் காரையுமிட்டு அடைத்தல் நன்று.

ஒரு வீட்டார் மாத்திரம் இவ்வளவும் செய்து, அடுத்த வீட்டார் வாளாவிருப்பின் பிரயோஜனமில்லை. வீட்டெலி மூன்று வாரத்திற் குட்டி போடும். அக்குட்டிகள் மூன்று நான்கு மாதத்திற் தாமே ஈனும். காலியான வளைக்கு அண்டை வீட்டிலிருந்து புதுக்குடி வந்துவிடும். ஆதலின் தெரு முழுவதும் ஒரே வாரத்தில் இவ்வேலையைச் செய்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் வயலெலிகளும் தீனி தேடி ஊரை நோக்கி வருமாதலால், அறுவடைக்கு முந்திய வாரமே தக்க காலம்.

நமக்குக் கூலியின்றி உழைக்கும் துணைவரும் உளர். கூகை பெரும்பாலும் எலிகளையே தின்று வாழ்வது. அதனை அபசகுனமென்று விரட்டுதல் பேதைமை. சாரைப்பாம்புக்கு விஷமில்லை. இவற்றையும் கீரியையும் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். இரத்தத்தை உறையவிடாத புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் நடமாடும் அதனைப் பிடித்துத் தின்னும் கூகையும் மடிதல் கூடும். அப்பொழுது நாம் கொன்றது எலியை அன்று, எலியின் பகைவனை.

"சிமெண்டுக்கும் தகரத்திற்கும் பணமேது?" என்று சிலர் கேட்பர். விறகை நகர்த்தவும், எச்சிலை அகற்றவும், வளையை அடைக்கவும் வேண்டியது உழைப்பேயன்றிப் பணமன்று. இவையனைத்தும் செய்த பின்னரும் தொல்லை நீங்காவிடில் பாஷாணம் வைக்கலாம். அப்பொழுதும் இரண்டு மூன்று நாள் வெறுந்தீனி வைத்துப் பழக்குக. ஓரிரவுக்கு வேண்டிய அளவே வாங்குக. மிஞ்சியதையும் செத்த எலியையும் கையால் தொடாது, கிணற்றுக்கு எட்ட ஆழப் புதைத்திடுக.

எம் இலாகாவினருக்கும் ஒரு வேண்டுகோள். பாஷாணம் கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பவேண்டா, பொட்டலத்தோடும் அனுப்பவேண்டா. அவருடன் நடந்து சென்று அவர் வீட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டு, பின்னர்ப் பேசுவோமாக.