நட்சத்திரம் குத்திய பந்து

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு 2008-ல் ஒரு பந்து வந்து சேர்ந்தது. அதன் தோலில் ஒரு நட்சத்திரக் குறி வெட்டப்பட்டிருந்தது. 2007 ஆகஸ்டில் பாரி பாண்ட்ஸ் தனது 756-வது ஹோம் ரன்னாக அடித்த பந்து அது. ஹாங்க் ஆரோனின் 755 அன்று வீழ்ந்தது. ஏழரை லட்சம் டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்த ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, பந்தை என்ன செய்யலாம் என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். விண்வெளிக்கு அனுப்பலாமா என்றுகூடக் கேட்டார். 47 சதவிகிதம் பேர் களங்க முத்திரை குத்தச் சொன்னார்கள்.

காரணம், ஊக்க மருந்து. ஹோம் ரன் என்பது கிரிக்கெட் சிக்ஸருக்கு அண்ணன். ஒரே சீசனில் பேப் ரூத் 1927-ல் 60 அடித்தார்; ரோஜர் மாரிஸ் 1961-ல் 61. அடுத்த 37 ஆண்டுகள் யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. பிறகு 1998 முதல் 2001-க்குள் மூன்றே பேர் ஆறு தடவை தாண்டினார்கள். மார்க் மெக்வயர் 70 வரை போனார், பாண்ட்ஸ் 73. ஸ்டீராய்டு உபயோகித்ததை மெக்வயர் 2010-ல் ஒப்புக்கொண்டார். தெரிந்து எடுத்துக்கொள்ளவில்லை என்பது பாண்ட்ஸின் வாதம். நீதி விசாரணைக்குக் குந்தகம் விளைவித்ததாக 2011-ல் வந்த தீர்ப்பும் 2015-ல் ரத்தானது.

அப்படியானால் இந்த எண்களை அழித்துவிடலாமா? எண்ணோடு விளையாடிய அனுபவம் பேஸ்பாலுக்கு உண்டு. ரூத் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டங்கள், மாரிஸுக்கு 162. எனவே இருவரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்றார் அன்றைய கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக். (ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர் அவர்!) அந்தப் பிரிவினை 1991-ல்தான் நீங்கியது. மாரிஸ் 1985-லேயே இறந்துவிட்டார்.

ரூத்தின் 60 மட்டும் பரிசுத்தமா? கறுப்பர்களுக்கு 1947 வரை பெரிய லீகில் இடமே இல்லை. அவர்களுடைய சிறந்த பந்துவீச்சாளர்களை ரூத் அந்த லீகில் சந்திக்கவே இல்லை. அதற்காக யாரும் அவர் பெயருக்கு நட்சத்திரம் போடவில்லை.

நிர்வாகத்தின் பங்கு இன்னும் சங்கடமானது. ஸ்டீராய்டு கூடாது என்று 1991-ல் சுற்றறிக்கை அனுப்பினார்கள், சோதனை இல்லை. தண்டனையோடு கூடிய சோதனை வந்தது 2004-ல். இடையில், 1994 வேலைநிறுத்தத்தால் வெறுத்துப்போன ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்ப அழைத்து வந்தது 1998-ன் ஹோம் ரன் போட்டிதான். வசூல் இனித்தது. 1992 முதல் தலைமைப் பொறுப்பில் இருந்த பட் செலிக், 2017-ல் புகழ் மண்டபத்தில் அமர்த்தப்பட்டார். பாண்ட்ஸுக்கு 2022-ல், பத்திரிகையாளர் வாக்கெடுப்பின் கடைசி வாய்ப்பில், 66 சதவிகிதமே கிடைத்தது. தேவை 75.

மண்டபக் கதவை மூடலாம். கௌரவம் கொடுப்பவர்கள் இஷ்டம். பதிவேடு வேறு சமாசாரம். அடித்தது 73, அதை அழித்தால், பார்த்தும் பாராமல் இருந்தவர்களின் கணக்கும் சேர்ந்தே அழியும். மருந்தைத் தொட மறுத்து, அதனாலேயே அணியில் இடம் இழந்தவர்களுக்கோ எந்தப் புத்தகத்திலும் வரி இல்லை.

2022-ல் ஆரோன் ஜட்ஜ் 62 அடித்தார். அதுவே உண்மையான சாதனை என்றார் மாரிஸின் மகன். கலிஃபோர்னியாவில் பாண்ட்ஸின் அணியைப் பார்த்து வளர்ந்த ஜட்ஜிடம் கேட்டபோது, சாதனை 73-தான் என்றார்.